மூன்று விலாங்கு

பெர்ராராவில் மூடுபனி இறங்கினால்
கோட்டை அகழியும் தெருவும் ஒன்றாகிவிடும்.
பேராயர் மாளிகை மாடியறையில்
மை உறையாதிருக்கக்
கூட்டைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு
சாட்சி எழுதுகிறேன்.
ஒருத்தி அர்ச்சிஷ்டவளா இல்லையா என்று
நான் சொல்ல வேண்டியதில்லை.
சொல்பவர் சொல்வதை அப்படியே இறக்க வேண்டும்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

ஊருக்கு ஏற்கெனவே காவலர் இருவர் உண்டு:
ஜார்ஜ், பேராலய முகப்பில் இன்னும்
பறவைநாகத்தைக் குத்தி முடிக்கவில்லை.
மவுரேலியுஸ், தலை வெட்டுண்ட ஆயர்.
மூன்றாவதாகத்தான் இவளுக்கு வழக்கு:
லியோனில்தே கராவெல்லி,
மடத்து வெளிக்கதவுச் சகோதரி,
நாற்பது வருடம் ஒரே சாவிக்கொத்து.

முதல் நாள் மடத்துத் தலைவி.
ஜெபத்தில் தரையிலிருந்து எழும்புவாள் என்றார்.
முழமா, சாணா? என்றார் எதிர்வழக்குக் குரு.
பாவாடை மறைத்தது என்றார் தலைவி.
எழுதினேன்: பாவாடை மறைத்தது.

மறுநாள் தச்சன் பிராந்தோ.
சவப்பெட்டி திறந்தபோது நறுமணம் வந்ததாம்.
என்ன பூ?
பூவெல்லாம் எனக்குத் தெரியாது சாமி.
நான் அறுத்தது பாப்லர் மரம்.
வந்தது சைப்ரஸ் வாசனை.
குருக்கள் மூவரும்
ஒரே சமயத்தில் மூக்கைத் தொட்டுக்கொண்டார்கள்.

பிறகு
கொமாக்கியோ உப்பங்கழியிலிருந்து
செலிந்தா புவோஸி,
கூடையை வாசலில் வைக்க மாட்டேன் என்று
கூடையோடே வந்தாள்.
வேதப் புத்தகத்தில் கை வைத்தாள்,
கையில் செதிலில்லாத வழுவழுப்பு.
இறந்தவளைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?

எனக்கு மூன்று விலாங்குக்குக் காசு தர வேண்டும்.

சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை.
எதற்கு மூன்று?

தவக்காலம் சாமி. கோட்டைச் சிறையில் ஒருவன்.
விடிந்தால் தூக்கு.
விலாங்கு தின்ன ஆசை என்றானாம்.
இவள் இருட்டில் வந்து என் கதவைத் தட்டினாள்.

அது ஒன்று.

ஒன்று காவல்காரனுக்கு,
சும்மா எவன் கதவு திறப்பான்?

மூன்றாவது?

கூடைக்குள் ஏதோ புரண்டது.
அவள் அதைக் காலால் தட்டி அடக்கினாள்.

தூக்குப் போடுகிறவனுக்கு.
அவனும் அன்றைக்குப் பட்டினியாம்.
பசித்தவன் கை நடுங்கும், முடிச்சு பிசகும்,
அந்தப் பையன் இழுத்துக்கொண்டு கிடப்பான்,
நன்றாகத் தின்றுவிட்டு வரட்டும் என்றாள்.

என் பேனா நின்றது.
கூட்டில் மை இருந்தது.

மாலையில் மூத்தவர் ஏட்டைப் புரட்டினார்.
கடன் வைத்துச் செத்தவள்
நீதி என்னும் புண்ணியத்தில் குறைந்தவள் ஆவாள்,
ரோமாபுரியில் கேட்பார்கள்.
காவலனுக்குக் கொடுத்தது லஞ்சம்.
மூன்றாவதை என்ன பெயரிட்டு அழைப்பது
என்று அவருக்கும் தெரியவில்லை.
அடித்துவிடு என்றார்.
அடித்தேன்.
எழும்பிய பாவாடை இருக்கிறது,
சைப்ரஸ் இருக்கிறது,
விலாங்கு இல்லை.

இதையெல்லாம் நான் ஏன் சுமக்க வேண்டும்?
மனைவி, இரண்டு பிள்ளைகள், வாடகை.
ஆனாலும் சனிக்கிழமை சந்தையில்
செலிந்தாவின் பலகைக்கு முன் நின்று
மூன்று விலாங்குக்கான சில்லறையை எண்ணி வைத்தேன்.

அவள் கத்தியைத் துடைத்தாள்.
காசை ஒவ்வொன்றாக
என் பக்கமே தள்ளிவிட்டாள்.

அது அவளுக்கும் எனக்கும் உள்ள கணக்கு.
நீர் தீர்த்துவிட்டால்
அங்கே மேலே இருக்கிறவளுக்கு
என் ஞாபகம் எதற்கு வரும்?

பின்னால் வரிசை முணுமுணுத்தது.
எடுப்பதை எடும், இல்லையென்றால் நகரும் என்றாள்.

ஒன்று எடுத்தேன், ஒல்லியானது.
சில்லறை உள்ளங்கையில் வியர்த்திருந்தது.
காசு அப்புறம் தருகிறேன் என்றேன்.

வீடு வரை
பையில் அது புரண்டுகொண்டே வந்தது,
ஏட்டின் மேலுறை எல்லாம் ஈரம்.